ஆல்மாவின் இடது கொம்பு

திங்கட்கிழமை காலையில் அமாலி மலைக் குடிசை வாசலில் மரப் பால்வாளியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தாள். மத்தியானத்துக்குள் அதன் அடிப்பலகை, அதில் வரைந்திருந்த மாட்டுப் படத்தோடு சேர்ந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. வேறு வாரமாக இருந்தால் பரவாயில்லை. இந்தச் சனிக்கிழமை, கோடை முடிந்து, மேய்ச்சல் மலையிலிருந்து மாடுகள் ஊர்வலமாக ஊருக்கு இறங்குகின்றன. மஞ்சள் தோல் கால்சட்டையும் வெள்ளைச் சட்டைமேல் சிவப்பு மேலங்கியும் போட்டுக்கொண்டு, இடது தோளில் அந்த வாளியை மாட்டிக்கொண்டுதான் அவள் புருஷன் ரூடி முன்னால் நடக்க வேண்டும். வெளியே பார்த்திருக்கிற வாளியின் அடியில் அவனுடைய மாட்டின் படம் ஊர் பார்க்க இருக்க வேண்டும். புதுப் பலகை ரூடியே பொருத்திவிடுவான், ஆனால் கீழே பள்ளத்தாக்கில் படம் வரைகிறவருக்கோ வசந்தம் வரைக்கும் கை நிறைய வேலை.

அந்த நேரம் பார்த்து இட்டா முதுகுக்கூடையோடு மேலே வந்து சேர்ந்தாள். ரூடிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. மலைமேல் இருக்கிற ஆறு குடிசைகளுக்கும் கீழேயிருந்து சாமான் வாங்கி வருவது அவள்தான். ஜீப் ஏறுகிற வரைக்கும் ஜீப், அப்புறம் ஒரு மணி நேர நடை. ஊரில் அவளுக்குப் பேரே சாமான் இட்டா. வீட்டுப் பரணில் அவள் வரைந்த படங்கள் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்டதில்லை.

"நான் வரையறேண்ணே."

ரூடி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உப்புக்கட்டி கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். நான் வரையறேன்னு சொன்னேன்."

"வரையட்டுமேங்க," என்றாள் அமாலி. "இல்லேன்னா சூப்புத் தட்டத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போங்க."

ரூடி தாடியைச் சொறிந்தான். "சரி. ஆனா பாத்த உடனே என் ஆல்மான்னு தெரியணும். தெரியலன்னா வெறும் பலகையோடதான் போவேன்."

வெறும் பலகை! ஊரே ரோட்டோரம் நிற்கிற நாளில்! இட்டா மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஏன் வெறுமையா இருக்கு என்று கேட்பார்கள், இட்டா வரைஞ்சது சரியில்லை என்று பதில் வரும். அதோடு சரி, இந்த ஜென்மத்தில் அவளிடம் யாரும் படம் கேட்கமாட்டார்கள். உப்புதான் கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை தையல்காரரிடமிருந்து ரூடியின் மேலங்கியை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மலையேறினாள். ஏறின மூச்சோடு ஆல்மா எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஆல்மா வந்து மோந்து பார்த்துவிட்டு ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. புதன்கிழமை ஒரு வீட்டுக்கு முட்டிவலித் தைலம், இன்னொரு வீட்டுக்கு மாட்டு மணிக்குப் புதுத் தோல்வார். அன்றைக்கும் வரைந்தாள். வண்ணத்தை மெல்லிசாகப் பூசி, பாலாடைக்கட்டி காய்ச்சுகிற அடுப்புக்கு மேலே பலகையைத் தொங்கவிட்டுக் காயவைத்தாள். ராத்திரி தூக்கத்தில்கூடப் பழுப்பு நிறத்தைத்தான் கலந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை படம் முடிந்தது. அமாலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "அடியாத்தி, எவ்வளவு அழகு!" என்றாள். ரூடி பார்த்தான். எழுந்து வெளியே போய் ஆல்மாவைப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"யாரு இது?"

"ஆல்மாண்ணே!"

"ஆல்மாவோட சித்தி பொண்ணா இருக்கும். பட்டணத்துல கட்டிக் குடுத்தது."

"எங்கண்ணே தப்பு?"

"கொம்பு."

கிடாரியாக இருந்தபோது தொழுவக் கதவில் சிக்கி, ஆல்மாவின் இடது கொம்பு கண்ணைப் பார்த்து வளைந்துபோயிருந்தது. இட்டாவுக்கு அது தெரியாதா என்ன? அவள் நோட்டில் பதினேழு கோணல் கொம்புகள் இருந்தன. பலகைக்கு வந்தபோதுதான் கை அதை நிமிர்த்திவிட்டது. ஊர் பார்க்கப் போகிறதே, கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் போடுகிற மாதிரி கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டுமே என்று.

"அழகா இருக்கட்டுமேன்னுதான்..."

"அவ அழகாத்தான் இருக்கா," என்றான் ரூடி வெடுக்கென்று. "அந்தக் கொம்ப வெச்சுக்கிட்டுத்தான் எட்டு வருஷமா மந்தைக்கு முன்னால நடக்கறா." பால் கறக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை இட்டா ஈஸ்ட் வாங்கப் போய்த் தீப்பெட்டி வாங்கி வந்தாள். அமாலி திட்டியது காதிலேயே விழவில்லை. நேரான கொம்பைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, கோணல் கொம்பைக் கெட்டியாகத் தீட்டினாள். சுரண்டின தழும்பு தெரியாமல் இருக்க அப்படித்தான் பூச வேண்டும், ஆனால் எண்ணெய் வண்ணம் கெட்டியாக இருந்தால் ஒரு ராத்திரியில் காயாது. சாயங்காலம் ரூடி வந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"ம்," என்றான்.

"ம்னா என்னண்ணே?"

"அவதான்."

"ஈரம்ணே. நாளைக்கும் காயாது. உரசினா உங்க வெள்ளச் சட்டை போச்சு, படமும் போச்சு."

"உரசாம நடக்கறேன்," என்றான்.

சனிக்கிழமை ஊருக்குள் மணிச்சத்தம் கேட்டபோது இட்டா ரொட்டிக்கடை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். வளைவில் முதலில் ரூடிதான் தெரிந்தான். நாலு மணி நேர இறக்கம் முழுக்க வாளியை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வந்திருக்கிறான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாடுகள் இன்னும் வளைவு திரும்பவில்லை.

"ஆல்மா வந்துட்டாடி!" என்று கத்தினாள் ரொட்டிக்கடைக்காரி. படத்தைப் பார்த்துத்தான். நிஜ ஆல்மா அதற்கப்புறம்தான் மணியை ஆட்டிக்கொண்டு திரும்பியது. "எலே ரூடி, யாரு வரைஞ்சது?"

"நம்ம இட்டா," என்றான் ரூடி, நடையை நிறுத்தாமல். "வேற யாரு?"

இட்டா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் பக்கத்தில் ஓடினாள். கிட்டே போனதும் பகீரென்றது. ஈரக் கொம்பில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நில்லுங்க! கொம்புல ஈ. எடுத்துடறேன்."

"கைய எடு," என்றான் ரூடி. "ஈ இல்லாம ஆல்மாவ என்னிக்குப் பாத்திருக்க?"