ஏப்ரலில் வந்த அக்டோபர்

ஏப்ரல் பாதி போனதும் அரிசோனாவில் அந்தத் தெருவே மூட்டை கட்டத் தொடங்கிவிடும். கோடைக்கு முன் மினசோட்டாவுக்கு ஓட வேண்டும். அங்கே பனி விழுமுன் இங்கே ஓடிவர வேண்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து லவோனுக்கும் அவள் கணவர் ஆர்வில்லுக்கும் இதே பிழைப்பு. மினசோட்டாவில் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பனி அள்ளத்தான் அவர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

இந்த வருஷம் லவோனுக்குப் பயமாக இருந்தது. கணவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மகன் கர்ட் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்: "அரிசோனா வீட்டை அப்பாவே எப்பவும் போல மூடி வச்சிட்டார்னா அக்டோபர்ல திரும்பி வாங்க. தடுமாறினார்னா வித்துடலாம்மா."

சரி என்று சொல்லியிருந்தாள். அந்த அக்டோபர் அவளுக்கு வேண்டும். அவ்வளவுதான்.

காலையிலிருந்து உதவுகிறவள் போல அவர் பின்னாலேயே நடந்தாள். புத்தி மறந்ததைக் கை மறக்கவில்லை. ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைத்தார். மெழுகுவர்த்திகள் கோடை வெக்கையில் உருகி ஓடினாலும் தரை கெடாதபடி குளியல் தொட்டியில் படுக்கவைத்தார். தொட்டியில் தண்ணீர் போகும் துளையில் சமையல் எண்ணெய் ஊற்றினார். அது இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வற்றி நாற்றம் மேலே வரும்.

"பாத்து ஊத்து. துளை வழியா வர்ற தேளுக்கு டோனட் சுட்டுப் போடப் போறியா?"

"சுட்டுப் போட்டா அதாவது நல்லா சாப்பிடும் கிழவி. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல."

லவோன் வாய்விட்டுச் சிரித்தாள்.

வெயில் நுழையாதபடி ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்ட ஒட்ட, நடுப்பகலிலேயே வீட்டுக்குள் அந்தி இறங்கியது. நாற்காலிகள் வெள்ளை விரிப்புக்குள் தூங்கப் போயின. மரச்சாமான் காய்ந்து வெடிக்காமலிருக்க அறைக்கு அறை வாளியில் தண்ணீர் வைத்தார். பிறகு வாசலில் போய்த் தண்ணீர் வரும் வால்வை அடைத்தார். தாள் ஒட்டாத கடைசி ஜன்னல் வழியே வெயில் வாளியில் விழ, மேலே கூரையெல்லாம் ஒளி அலை அலையாக அசைந்தது. ஏரிக்குள் முங்கி அண்ணாந்து பார்ப்பது போலிருந்தது அவளுக்கு. வெகுநேரம் அப்படியே நின்றாள். பயம் போய்விட்டது. பெட்டிகளைக் காரில் ஏற்றப் போனாள்.

திரும்பி வந்தபோது ஆர்வில் விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் தாள்கள் தரையில் சுருண்டு கிடந்தன.

"என்ன பண்றே ஆர்வில்?"

"நீ உக்காரு. இவ்வளவு தூரம் கார்ல வந்தது உடம்பெல்லாம் வலிக்கும். நான் வீட்டைத் திறந்துடறேன்."

 'நாம கிளம்பறோம்' என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவர் முகத்தில் வந்து சேர்ந்தவரின் சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தாள்.

அக்டோபரில் இங்கே வந்ததும் முதல் தம்ளர் தண்ணீரை அவளுக்குத்தான் கொடுப்பார். ஒரு வருஷமும் தவறியதில்லை. குழாயைத் திருகினார். சொட்டுக்கூட வரவில்லை.

"சனியன், மக்கர் பண்ணுது."

"வாளியில எடேன்."

மொண்டு நீட்டினார். அவர் கையில் இருக்கும்போதே தம்ளரோடு அந்தக் கையையும் பிடித்துக்கொண்டு குடித்தாள். கூரையில் ஒளி ஆடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. கர்ட்தான்.

"அப்பா மூடிட்டாராம்மா?"

"மூடினார்டா. ஒரு குறை இல்ல." லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டை வித்துடு. ஆனா நாளைக்குத்தான் கிளம்புவோம். இப்பத்தானே வந்திருக்கோம்."