சந்தனக் கலர் எனாமல்

எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக ஒரே வழிதான். மாடிப்படி இறங்கினால் நேரே கடைக்குள் போய் நிற்கும். கடையில் கல்லாப்பெட்டி, கல்லாவில் என் மாமனார் ஆசீர்வாதம். "எங்க மக்களே?" என்று கேட்பார். தெற்கேயிருந்து வந்த அவர்களுக்கு மகள், மருமகள் எல்லாருமே 'மக்களே'தான்; அன்பாகத்தான் கேட்பார். கடுகடுவென்று கேட்டால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். அன்பாகக் கேட்கிறவரை என்ன செய்வது? "சும்மாதான் மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மாடி ஏறிவிடுவேன்.

காலடிப்பேட்டையில் எங்களுடையது பெயிண்ட் கடை. மாடியில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். எண்ணூர்ப் பக்கம் காற்று திரும்பினால் கரித்தூள் உள்ளே வந்து சுவர் கறுத்துப் போகும். பெயிண்ட் கடைக்காரர் வீட்டுச் சுவர் கறுக்கலாமா என்பது மாமியார் செல்லக்கனியின் கேள்வி. ஆக, சுவர் வெள்ளையாக இருந்தது. எனக்குத்தான் மூச்சு முட்டியது.

கணவர் ஜெஸ்வினுக்குக் கப்பல் வேலை. வருவார், போவார். போனில் எதைக் கேட்டாலும், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ ரெஜினா" என்பார். கடல் தாண்டிப் போகிற மனுஷனுக்கு இந்தப் படி தாண்டுகிற கஷ்டம் புரியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தார். கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறையில், "இன்னா அத்தை, குழம்பு வெச்சாச்சா?" என்று கேட்டுவிட்டேன். வீடே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, மெட்ராஸ் பாஷையைச் சினிமாவில் கேட்டுச் சிரித்துப் பழகிய சிரிப்பு. அதற்குப் பிறகு வாயைத் திறக்கும் முன்னால் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். நாளடைவில் பேசுவதே குறைந்துவிட்டது.

கிறிஸ்டினா அக்காவை முதல் வெள்ளிப் பூசையில்தான் பார்த்தேன். மாதத்தில் அந்த ஒரு நாள் ராயபுரம் கோயிலுக்குப் போக எனக்கு அனுமதி உண்டு. அக்கா மர சாமான்களுக்குப் பெயிண்ட் அடித்து, அதைப் பழசு மாதிரி தேய்த்து, ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறவர். அவரிடம் வேலைக்கு வரட்டுமா என்று கேட்டேன். "உன் கையால ஒரு சாமான் செஞ்சு வை. அடுத்த முதல் வெள்ளி கழிச்சு சனிக்கிழமை வந்து பாக்கறேன். நல்லா இருந்தா திங்கக்கிழமையே வந்துடு" என்றார்.

வீட்டில் சொன்னேன். மாமனார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டா போ மக்களே. நான் தடுக்க மாட்டேன்" என்றார். கொடுத்த வாக்கை மாற்றுகிறவர் இல்லை அவர். அன்றைக்கே அம்மா வீட்டுச் சீதனமாக வந்த சின்ன மர அலமாரியை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன்.

முதலில் அடர் பழுப்பு. அது காய்ந்ததும் மெழுகுவர்த்தியால் தேய்க்க வேண்டும். கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். கண்ட இடத்தில் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கை படுகிற இடத்திலும் கால் இடிக்கிற இடத்திலும்தான் மரம் பழசாகும். கைப்பிடியைச் சுற்றி, கதவின் ஓரம், கீழ்க்கட்டை. அதன்மேல் வெளிர் நீலம். காய்ந்த பிறகு உப்புத்தாளை ஓட்டினால், மெழுகு பட்ட இடத்தில் மட்டும் நீலம் உதிர்ந்து பழுப்பு எட்டிப் பார்க்கும். கடைசியாக முழு அலமாரிக்கும் மெழுகு பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தேன். நிஜமாகவே எத்தனையோ கை பட்ட சாமானாக நின்றது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் வெள்ளி பூசைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மாடியில் எனாமல் வாசனை. அலமாரி பளபளவென்று சந்தனக் கலரில் நின்றது. பக்கத்தில் மாமியார், கையெல்லாம் பெயிண்ட்.

"சாயங்காலம் சித்தப்பா வீட்டுல பத்திரிகை வைக்க வாராங்கல்லா மக்களே. நம்ம கடை பெயிண்டு உரிஞ்சு கெடக்குன்னு ஊரெல்லாம் சொல்லிற மாட்டாங்களா? உன்னையும்தான் கொற சொல்லுவாங்க. அதான் நானே ரெண்டு கை அடிச்சிட்டேன். சீக்கிரம் காயுற எனாமல்தான்."

"அத்தை, நாளைக்கு கிறிஸ்டினா அக்கா பார்க்க வராங்களே" என்றேன்.

"நல்லாப் பாக்கட்டும். இப்பதான பாக்கதுக்கு லெச்சணமா இருக்கு."

அலமாரி உரிந்து கிடந்ததற்காக அவர் நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு நல்லது செய்ததாகவே நம்புகிறார். பாழாய்ப்போன கோபம், அதைக் கொட்டக்கூட இந்த வீட்டில் ஓர் இடம் கிடையாது. "விடு மக்களே, அடுத்த மாசம் இன்னொண்ணு செஞ்சுக்கிடலாம்" என்றார் மாமனார். அடுத்த மாதமும் யாராவது பத்திரிகை வைக்க வருவார்கள்.

காலையில் அலமாரியைத் துடைக்கப் போனேன். ஓரத்தில் நகம் பட்டது. சந்தனக் கலர் பாலாடை மாதிரி சுருண்டு கையோடு வந்தது. அப்போதுதான் உறைத்தது. மெழுகு பாலிஷ் மேல் எனாமல் எப்படிப் பிடிக்கும்? பெயிண்ட் விற்கிற வீட்டில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் பாலிஷ் போட்டிருப்பதை மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. நகத்தாலும் தோசைத் திருப்பியாலும் உரிக்க ஆரம்பித்தேன். சில இடத்தில் முழுதாக வந்தது, சில இடத்தில் பிடிவாதமாக நின்றது.

உரித்துக்கொண்டிருக்கும்போதே மாமனாரோடு கிறிஸ்டினா அக்கா மாடி ஏறி வந்துவிட்டார். அலமாரியைச் சுற்றி வந்தார். சந்தனத்துக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பழுப்பு. கைப்பிடியைத் தடவினார்.

"இன்னா பொண்ணு, நாப்பது அம்பது வருஷ சாமான் மாரி கீது. எங்கிட்ட கீற யாரும் இப்டி செஞ்சதில்ல."

மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பொறம் புள்ள எதுக்கும்மா அலையணும்? சாமான இங்க எறக்குங்க. மாடி ரூம் சும்மாதான கெடக்கு. பெயிண்டும் நம்ம கடையிலயே இருக்கு. இங்கன இருந்தே செஞ்சு குடுத்துருவா."

"அதுவும் நல்லாத்தான் கீது சார். எனக்கும் எடம் பத்தாம பேஜாராத்தான் கீது" என்றார் அக்கா.

எல்லாருக்கும் திருப்தி. மாமியார் காபி போடத் திரும்பினார். சாத்திய ஜன்னலும், அதை மறைத்து அடுக்கப்போகிற அலமாரிகளும், நடுவில் உப்புத்தாளோடு நானும் என் கண்முன்னே தெரிந்தோம். இந்தத் தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்க நேரமில்லை.

"இன்னாத்துக்குக்கா இங்க எறக்கினு? நான் அங்கியே வந்துடறேன். திங்கக்கெழம வந்துகினே இருப்பேன்." மாமனார் பக்கம் திரும்பினேன். "மாமா, அவங்க நல்லா கீதுன்னு சொன்னா போன்னு சொன்னீங்க. சொல்ட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். "சொன்னேன்தான்" என்றார். அக்காவைக் கூட்டிக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினார்.

மாமியார் மட்டும் நின்றார். கீழே சுருண்டு கிடந்த சந்தனக் கலர்த் தோலில் ஒன்றை எடுத்து விரலால் நீவிப் பார்த்தார்.

"நான் அடிச்சது நல்லா இல்லியா மக்களே?"

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தை," என்றேன். "ஒட்டல."