அணியோட போடுங்கோ

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. சிட்னியில், பென்டில் ஹில் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்றபோது, தெரிந்தவரான ஷாமளா என்னிடம் வந்து கொட்டியது. "நீங்கள் எழுதுறனீங்கள்தானே, இதை எழுதுங்கோ" என்றார். கேட்டு எழுதிய கதை உருப்படாது என்பார்கள். இது உருப்படும், பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: 'மினுங்கும் தரையில் பந்து உருண்டபோது சிட்னியின் வானம்...'

வேண்டாம். பௌலிங் கூடத்துக்குள் வானம் ஏது?

(பௌலிங் என்றதும் கிரிக்கெட்டை நினைக்கும் அங்கிள்மாருக்கு: இது கனத்த பந்தை உருட்டி, எதிரே நிற்கும் பத்துக் கட்டைகளை விழுத்தும் விளையாட்டு.)

நேரே வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தேஜஸ்வினி, ஷாமளாவின் மகள், பள்ளிகளுக்கிடையிலான வட்டாரப் போட்டியில் எல்லாரையும்விடக் கூடப் புள்ளி எடுத்தாள். ஆனால் மாநிலப் போட்டிக்கு அவள் போகவில்லை. அவளைவிடக் குறைய எடுத்த அஞ்சலா போகிறாள். அடுத்த வருடம் தேஜஸ்வினி பள்ளியிலேயே இருக்கமாட்டாள்.

3

விதி இதுதான். வென்ற அணி முழுதாகப் போகும். தனியாளாகப் பெயர் கொடுத்தவர்களில் முதலாவதாக வந்தவரும் போவார். அப்படி முதலாவதாக வந்தவள்தான் அஞ்சலா. தேஜஸ்வினியின் பெயர் அணியில் மட்டும் இருந்தது. அந்த அணி மூன்றாவதாக வந்தது.

(விதியைக் கிழிகிழியென்று கிழிக்கத்தான் உட்கார்ந்தேன். வென்ற அணியில், ஒரு கட்டையும் விழாமல் பந்தை ஓரக்கானுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகூட மாநிலத்துக்குப் போகிறது. ஆனால் நாலு பேர் சேர்ந்து வென்றதை நாலு பேருக்கும் கொடுப்பதும் நியாயம்தானே? என் கோபம் பாதியில் படுத்துவிட்டது.)

4

பெயர் கொடுக்கும் நாட்களில் விளையாட்டு ஆசிரியர் ஷாமளாவுக்குப் போன் எடுத்து, மகளைத் தனியாளாகவும் பதியட்டுமா என்று கேட்டிருந்தார்.

பெற்ற தாயே பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணூறு மாதிரி நாவூறு படும். இது ஷாமளாவின் இரத்தத்தில் ஊறிய விஷயம். "ஐயோ சேர், அவள் சும்மா விளையாடுறவள். அணியோட போடுங்கோ" என்றார், ஆங்கிலத்தில். எங்கள் ஆட்களில் ஒருவராக இருந்தால் சிரித்துவிட்டு இரண்டிலும் போட்டிருப்பார். அவர் வெள்ளைக்காரர், சொன்னதைச் சொன்னபடி நம்பிவிட்டார்.

5

இந்த இடத்தில் எனக்கு ஷாமளாமேல் சந்தேகம் வந்தது. நாவூறுப் பயமா, மகள்மேல் நம்பிக்கையில்லாமையா? தேஜஸ்வினிக்கும் அதே சந்தேகம்தான்.

"சீரியஸ்லி அம்மா, நான் நல்லா விளையாடமாட்டன் எண்டா நினைச்சனீங்கள்?"

"நீதான் திறம் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை."

"தென், ஒய் டிடின்ட் யூ சே இற்?"



6

முடிவு ஒன்று: ஆசிரியர் ஒரு வழி சொல்கிறார். பதிய மறந்தது தானென்று அவர் எழுதுவார், ஷாமளா ஓம் என்றால் போதும். தேஜஸ்வினி போவாள், அஞ்சலா போகாமல் நிற்பாள். (அஞ்சலா செய்த பிழை என்ன? பெயர் கொடுக்கும்போது அவளுடைய தாய் மேரிறோஸ் தன் மகள் கெட்டிக்காரி என்று வாய் கூசாமல் சொன்னார், அவ்வளவுதான்.)

முடிவு இரண்டு: ஷாமளா எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு...

இரண்டும் சரிவரவில்லை. ஷாமளா ஆசிரியரிடம், "பொய் வேண்டாம் சேர்" என்று சொல்லிவிட்டார். போட்டி நடத்துபவரின் இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

7

போட்டி நடத்துபவர் நீங்கள்தான். உங்கள் போன் அடிக்கிறது, எடுங்கள்.

"அண்டைக்கு வட்டாரப் போட்டியில என்ர மகள்தான் முதலாவது. ஆசிரியரில பிழையில்லை. என்ர பிள்ளையைக் குறைச்சுச் சொன்னது நான்தான். அஞ்சலாவை நிப்பாட்டச் சொல்லேல்லை. இவளுக்கும் ஒரு இடம் தருவீங்களோ?"

விதியில் இருப்பது ஒரேயோர் இடம். தேஜஸ்வினி தாய்க்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்லப்போகிறீர்கள்?