அடுத்த வாய்

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரைத் தொண்டைக்காரர் என்றுதான் சொல்வார்கள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, முதல் மாடியில் பயண டிக்கெட் போடுகிற அலுவலகம், அதற்கு மேலே அவருடைய ஆய்வுக்கூடம். ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு அறைகள், சாலிடரிங் செய்ய ஒரு மேஜை, கதவு சரியாக மூடாத ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். படியில் யாரைப் பார்த்தாலும் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி, கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "ஒரு வாய் குடிங்க, மெதுவா" என்பார். கண்ணாடிக் கடை முதலாளி முதல் தபால்காரர் வரை அவருக்காக விழுங்காத ஆளே கிடையாது.

விஷயம் விளையாட்டில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. வயிற்றுக்குப் போக வேண்டிய கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமே இல்லாமல் நுரையீரலில் இறங்கி, காய்ச்சலாக வெளிப்படும்போதுதான் தெரியும். தொண்டைக்காரரின் பட்டையில் இருந்த சின்ன மைக், விழுங்கும் சத்தத்தைக் கேட்டு, பாதை தப்பினால் 'கீச்' என்று கத்தும். தப்பான விழுங்கலையும் சரியான விழுங்கலையும் பிரித்துக் காட்டுகிற அந்தக் கணக்கைப் போடத்தான் அவருக்கு நான்கு வருடம் பிடித்தது. ஆராய்ச்சி மானியம் ஒன்று அதுவரை கை கொடுத்தது.

கம்பெனியில் இன்னொருவர் அவருடைய அண்ணி. வங்கியில் கடன் பிரிவில் பல காலம் இருந்துவிட்டு, அலுத்துப்போய் வேலையை விட்டவர். வாடகை, வரி, ஃபோன், ஃப்ரிட்ஜ் கதவு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நாள் காலை அவர் வந்து கைப்பையை மேஜையில் வைத்தார்.

"தம்பி, நமக்கு இன்னொரு மானியம் கிடைச்சிருக்கு."

"எந்த ஆராய்ச்சிக்கு அண்ணி?"

"ஆராய்ச்சிக்கு இல்லை. விக்கறதுக்கு."

தொண்டைக்காரரின் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல ஆனது. நம்மைப் போன்ற சின்ன மருத்துவ ஆராய்ச்சிக் கம்பெனிகள் கருவியைக் கண்டுபிடித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன, அதைச் சந்தைக்குக் கொண்டுபோகப் பழக்குவதற்காக இந்த மானியம் என்று அண்ணி விளக்கினார். எட்டு வாரம் பயிற்சி. வாராவாரம் வாங்கக்கூடியவர்களையும் பயன்படுத்தக்கூடியவர்களையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அதான் கேக்கலை."

பயிற்சி ஒரு வாடகைக் கூடத்தில் நடந்தது. ரத்தத் துளியில் சர்க்கரை பார்க்கிறவர்கள், பல்லுக்குப் பசை செய்கிறவர்கள் என்று நாலைந்து குழுக்கள். பயிற்சி கொடுத்த அம்மா ஒரு காலத்தில் லிஃப்ட் விற்றவர். வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று, முதல் வார்த்தையிலேயே எல்லோர் வாயையும் அடைத்தார்.

"உங்க பொருளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். நீங்க பார்க்கப் போறவங்களுக்கும் தெரிய வேண்டாம். நான் லிஃப்ட் வித்த காலத்துல லிஃப்ட் வேணும்னு யாரும் என்கிட்ட வந்ததில்லை. முழங்கால் வலிக்குதுன்னுதான் வந்தாங்க. அவங்க கஷ்டம் என்னன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உட்காருங்க."

தொண்டைக்காரர் முதலில் பார்க்கப் போனது ஒரு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் நிபுணரை. திரும்பி வரும்போது மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம். வாழ்த்துகள்னு கை குடுத்தார்."

"நல்லது. அவருக்கு என்ன கஷ்டம்?"

தொண்டைக்காரர் யோசித்துப் பார்த்தபோது, டாக்டர் வாயைத் திறந்தது கொட்டாவி விடுவதற்காகத்தான் என்று நினைவு வந்தது. பயிற்சி அம்மா அவருடைய பட்டையைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"இது தொண்டை அசையறதைக் கேக்கும், இல்லையா?"

"ஆமா மேடம். இதுல இருக்கற மைக்—"

"அடுத்த தடவை இதை நீங்க கட்டிக்கிட்டுப் போங்க சார்."

அடுத்தது ஒரு தலைமை நர்ஸ். சந்திப்பு முடிந்ததும் பட்டையில் பதிவானதைக் கூடத்தில் திரையில் போட்டார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மலைத்தொடர். நடுவில் அங்கங்கே இரண்டு மூன்று சின்னப் பள்ளத்தாக்குகள்.

"மலையெல்லாம் நீங்க," என்றார் பயிற்சி அம்மா. "அந்தப் பள்ளத்துல எங்கேயோதான் அந்த நர்ஸ் இருக்காங்க."

பல் பசைக் குழு விழுந்து விழுந்து சிரித்தது. தொண்டைக்காரருக்கு அவமானமாக இருந்தாலும், வரைபடம் மிகத் துல்லியமாக வந்திருக்கிறதே என்று உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். "பேசணும்னு நாக்கு அரிச்சா ஒரு வாய் தண்ணி குடிங்க. வாயில தண்ணி இருந்தா பேச முடியாது பாருங்க." அன்றிலிருந்து தொண்டைக்காரர் போகுமிடமெல்லாம் பாட்டிலோடு போனார். போன இடத்திலெல்லாம் முதலில் கழிவறை எங்கே என்று விசாரித்து வைத்துக்கொண்டார். ஆனால் வைத்தியம் பலித்தது. அவர் குடிக்கக் குடிக்க எதிரில் இருப்பவர்கள் பேசினார்கள்.

பேசியதுதான் தேன் மாதிரி இல்லை. மருத்துவமனைக்காரர்கள், எக்ஸ்ரேயில் பார்த்தே விழுங்குவதைச் சோதித்துவிடுகிறோம் என்றார்கள். ஒரு வார்டு டாக்டர், "இங்கே ஏற்கெனவே கத்தற மெஷினே தாங்கலைங்க" என்று காதைத் தேய்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், அதற்குப் பிறகு வீட்டார் பாடு என்றார்கள். தொண்டைக்காரர் ஒவ்வொரு இடத்திலும் பாட்டிலைக் காலி செய்துவிட்டு வெளியே வந்தார்.

பேச்சுப் பயிற்சி தருகிற ஒருவர், வீட்டிலேயே ஊட்டுகிற சிலரைக் காட்டிவிட்டார். அதில் ஒருவர் வக்கீலம்மா. அவருடைய கணவர் முன்பு கால்பந்து நடுவர். பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து ஒரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாக, யோசித்து யோசித்துத்தான் வரும். ஆனால் கண் இரண்டும் மைதானத்தில் இருந்த காலத்துக் கண்களாகவே இருந்தன.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "உங்க சாப்பாட்டு வேளை எப்படிப் போகும்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு தொண்டைக்காரர் தண்ணீரைக் குடித்தார். வக்கீலம்மாவுக்கு மௌனம் ஆகாது.

"அவ்வளவுதான் கேள்வியா? சரி, சொல்றேன். ஒரு ஸ்பூன் கொடுப்பேன். கொடுத்துட்டு அவர் கழுத்தையே பார்த்துக்கிட்டு இருப்பேன். உள்ள போச்சா, வாயிலயே நிக்குதா, தெரியாது. 'போச்சா'ன்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு வாயைத் திறப்பார். அதுலயே புரையேறும். ஒரு கிண்ணம் முடிக்கறதுக்குள்ள ஆறிக் கூழாயிடும். அவருக்கும் பசி போயிடும், எனக்கும் உயிர் போயிடும்."

"புரையேறினா சத்தம் போடற மாதிரி ஒரு மெஷின் இருந்தா?" என்று அண்ணி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏறினப்புறம் கத்தி என்னம்மா பிரயோஜனம்? திருடன் போனப்புறம் நாய் குரைக்கற மாதிரி. இறங்கிடுச்சு, அடுத்த வாய் கொடுக்கலாம்னு யாராவது சொன்னா போதும் எனக்கு."

சத்தமில்லாமல் புரையேறுவதைப் பற்றிச் சொல்லத் தொண்டைக்காரருக்கு நாக்கு துடித்தது. பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரே மூச்சில் குடித்தார்.

திரும்பும்போது பேருந்தில் அவர் பொருமிக்கொண்டே வந்தார். "இறங்கிடுச்சுன்னு சொல்றதா? அதை நான் முதல் மாசமே பண்ணி ஓரமா வச்சுட்டேன் அண்ணி. காலேஜ் பசங்க பண்ணுவாங்க அதை."

"அப்ப வேலை சுலபமாப் போச்சு."

"நாலு வருஷ உழைப்பைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றீங்க."

"நான் எதையும் போடச் சொல்லலை. அந்தம்மா கேக்கறதைச் சொன்னேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. குழம்புப் பாத்திரத்தைக்கூட அண்ணன் வழியாகத்தான் கேட்டு வாங்கினார்கள். அண்ணன் என்ன ஏதென்று விசாரித்து, இரண்டு பக்கமும் விளக்கம் தொடங்கியதும், "என்னை விட்டுடுங்க, எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்று தட்டோடு எழுந்து டி.வி. பக்கம் போய்விட்டார்.

அண்ணியைத் தவறென்று நிரூபிப்பதற்காகவே தொண்டைக்காரர் மறுநாள், அண்ணி ஃபோனில் பதிந்து வைத்திருந்த எல்லாப் பேட்டிகளின் ஒலிப்பதிவையும் போட்டுக் கேட்டார். ஓய்வுபெற்ற கணவர் ஒருவர், ஒரு மகள், ஒரு மருமகன், முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் இருந்து பேசிய ஒருவர். எல்லோர் வாயிலும் அந்த ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: போச்சா? போச்சான்னு பார்ப்பேன். போச்சான்னு கேட்பேன். போச்சோ இல்லையோன்னு கையில ஸ்பூனோட உட்கார்ந்திருப்பேன். புரையேறும் என்ற பயத்தை எல்லோரும் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அவர் வேறு பயமுறுத்த வேண்டியிருக்கவில்லை. தொண்டைக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பட்டையில் கத்துகிற பாகத்தை எடுத்துவிட்டு, ஒரு பச்சை விளக்கை வைத்துச் சாலிடர் செய்தார். அண்ணி பார்த்தும் பார்க்காததுபோலத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பட்டையோடு இருவரும் வக்கீலம்மா வீட்டுக்குப் போனார்கள். நடுவரின் கழுத்தில் பட்டையைக் கட்டினார்கள். முதல் ஸ்பூன். தொண்டை ஏறி இறங்கியது, பச்சை எரிந்தது. இரண்டாவது ஸ்பூன், பச்சை. வக்கீலம்மாவின் தோள் மெல்ல மெல்லத் தளர்ந்தது. சூடு ஆறுவதற்குள் கிண்ணம் காலி. ஊட்டிக்கொண்டே கோர்ட்டில் நடந்த ஒரு வேடிக்கையை அவர் கணவரிடம் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் அவர் கதை சொல்லி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும், நடுவர் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

அடுத்தது ஐஸ்கிரீம். இங்கேதான் வேகம் கூடியது. ஸ்பூன் போவதற்கும் பச்சை எரிவதற்கும் இடைவெளியே இல்லை. வக்கீலம்மா அள்ளி அள்ளிக் கொடுத்தார். தொண்டைக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. சார், வாயைத் திறங்க."

நடுவர் திறக்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"திறங்கன்னு சொல்றாரில்ல," என்றார் வக்கீலம்மா.

திறந்தார். உள்ளே ஐஸ்கிரீம் குவிந்து கிடந்தது. மனுஷன் அதை ஓரமாக ஒதுக்கிவைத்துக்கொண்டு, எச்சிலை மட்டும் விழுங்கி விளக்கை எரியவைத்திருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கி முடித்துவிட்டு, ஒரு பக்கமாகச் சிரித்தார்.

"முப்பது வருஷம் ஊரையே ஏமாத்தாதேன்னு விசில் ஊதினவர்," என்றார் வக்கீலம்மா.

அண்ணி சிரித்துக் கண்ணில் நீர் விட்டார். தொண்டைக்காரர் சிரிக்கவில்லை. அவர் வேறு உலகத்துக்குப் போய்விட்டிருந்தார். வெறும் விழுங்கல் வேறு, நிஜ விழுங்கல் வேறு. இரண்டையும் சத்தத்தை வைத்தே பிரிக்க வேண்டும். அதற்கு முதல் மாதத்துக் கணக்கு போதாது. நான்கு வருடத்துக் கணக்கு முழுவதும் வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"பட்டையைக் கொடுங்க, சரி பண்ணிக் கொண்டுவரேன்," என்று எழுந்தார்.

"கொடுக்க மாட்டேன்," என்றார் வக்கீலம்மா.

"மேடம், இது ஒண்ணுதான் இருக்கு. அடுத்த வாரம் கடைசி நாள், எல்லார் முன்னாடியும் காட்டணும்."

"ஒரு கிண்ணம் சூடா சாப்பிட்டிருக்கார். அவர் வாயை நான் திறந்து பார்த்துக்கறேன். நீங்க வேணும்னா என் மேல கேஸ் போடுங்க. நானே உங்களுக்கு நல்ல வக்கீல் சொல்றேன்."

கடைசி நாளன்று ஒவ்வொரு குழுவும் தன் பொருளை மேஜையில் பரப்பி வைத்திருந்தது. தொண்டைக்காரரின் மேஜை துடைத்துவிட்டதுபோல இருந்தது. மதிப்பிட வந்திருந்தவர்களில் ஒருவர் மேஜையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க கருவி எங்கே?"

தொண்டைக்காரர் பாட்டிலைத் தேடினார். அண்ணி முந்திக்கொண்டார். "வாடிக்கையாளர்கிட்ட இருக்குங்க. திருப்பித் தர மாட்டேங்கறாங்க."

பின்வரிசையில் பயிற்சி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அதற்குப் பிறகு தொண்டைக்காரர் பேசினார், குறைவாகத்தான். நான்கு வருடம் யாருடைய கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன் என்று தனக்கே தெரியவில்லை என்றார். வீட்டில் ஊட்டுகிறவர்களின் கேள்வி ஒரே சொல்தான் என்றார். தன்னுடைய கருவியை முதல் நோயாளியே ஐஸ்கிரீமுக்காக ஏமாற்றிவிட்டார், அதைச் சரிசெய்யப் பழைய ஆராய்ச்சி முழுவதும் தேவைப்படுகிறது என்றார். வீட்டுக்கான பட்டையைச் செய்து முடிக்க அடுத்த கட்ட உதவி அவர்களுக்குக் கிடைத்தது. பல் பசைக்காரர்களுக்கும் கிடைத்தது. அவர்கள்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

புதிய பட்டையோடு போன அன்று வக்கீலம்மா கோர்ட்டிலிருந்து இன்னும் வரவில்லை. நடுவர், தொண்டைக்காரரைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். ஏதோ சொல்ல முயன்றார். தொண்டைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். பாட்டிலைத் தொடவே இல்லை.

"அதை..." என்றார் நடுவர். கொஞ்ச நேரம் கழித்து, "சரி... பண்ணாதீங்க" என்றார்.

வாடிக்கையாளர் சொல்வதைக் கேள் என்றுதான் எட்டு வாரமும் பாடம் நடந்தது. ஸ்பூனைப் பிடிக்கிறவர் வாடிக்கையாளரா, விழுங்குகிறவர் வாடிக்கையாளரா என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொண்டைக்காரர் யோசித்தார்.

"சரி பண்ணாம இருக்க முடியாதுங்க சார். உங்க உயிர் விஷயம். ஆனா ஒண்ணு பண்றேன். நீங்க ஏமாத்தினா இது பச்சை காட்டாது, அவ்வளவுதான். சிவப்பு காட்டாது, சத்தம் போடாது. உங்களைக் காட்டிக்கொடுக்காது."

நடுவர் தன் பழைய தொழிலுக்கே உரிய நிதானத்தோடு அதை எடைபோட்டுப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். கையைக் குலுக்கி முடிக்கும்போது வாசலில் வக்கீலம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.