கரியாகிப் போன வைக்கோல் செருப்புகள்

எங்கள் மாவட்டத் தலைவர் குக் சாங்-தேக்குக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பது என் வேலை. பூண்டுத் திருவிழாவுக்கும் பாலத் திறப்புக்கும் ஒரே பேச்சுதான். பூண்டை எடுத்துவிட்டுப் பாலத்தை வைத்தால் போதும். கேட்கிறவர்களும் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில்தான் கை தட்டுகிறார்கள்.

அந்தப் பூண்டுத் திருவிழாவுக்கு வரும் கார்களை நிறுத்துவதற்காக நாக்டோங் ஆற்றங்கரையில் ஒரு வயலைத் தோண்டினார்கள். தீயில் எரிந்து விழுந்த ஒரு வீடு கிடைத்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழசு. பொன் இல்லை, வாள் இல்லை. ஓர் அடுப்பு, சில பானைகள், வாசலில் கரியாகிப் போன வைக்கோல் செருப்பு மூன்று ஜோடி. ஒரு ஜோடி என் உள்ளங்கையில் அடங்கும்.

அகழாய்வுக்குப் பொறுப்பு பியோன் சுக்-ஹீ. என்னோடு பள்ளியில் படித்தவள். அந்தக் குழிக்கு மேலே ஒரு கூரை போட்டு, அப்படியே விட்டுவிட வேண்டும் என்று ஆறு மாதமாக வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தலைவரின் திட்டம் வேறு. மாட்டிக்கொண்டால் அந்த வீட்டுக்குள்ளேயே நடப்பது போலக் காட்டும் மெய்நிகர் கண்ணாடிக்குள் வீட்டை ஏற்றிவிடுவது, அப்புறம் குழியில் மண்ணைத் தள்ளி மேலே கான்கிரீட் ஊற்றுவது. கண்ணாடியை அவர் போட்டுப் பார்த்துவிட்டு மேடையிலேயே அதை அறிவிப்பதாக ஏற்பாடு. அறிவிப்பு என் பையில் இருந்தது: ‘தொழில்நுட்பம் நம் முன்னோரை அழிவற்றவர்களாக்கிவிட்டது. இனி நிலத்தை நிம்மதியாக மூடலாம்.’

விழாவன்று மேடைக்குப் பக்கத்தில் சுக்-ஹீ அந்தத் தாளைப் பிடுங்கிப் படித்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இத நீதான எழுதுன?”

“சம்பளம் எழுதுச்சு.”

“கை கூசலயா உனக்கு?”

“கூசுச்சு. கையுறை மாட்டிக்கிட்டேன்.”

“ஊத்தும்போது அந்தச் சின்னச் செருப்பு இருந்த எடத்தையும் சேத்து ஊத்தச் சொல்லு. விட்டுறப் போறாங்க.”

கண்ணாடிப் படத்தைச் செய்த நிறுவனம் முதலில் ஓர் அரண்மனை, இரண்டு டிராகன், தலைவரின் முகஜாடையில் குதிரைமேல் ஒரு தளபதி என்று அமர்க்களப்படுத்தியிருந்தது. தளபதி தலைவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சுக்-ஹீதான் ஒற்றைக்காலில் நின்று எல்லாவற்றையும் எடுக்க வைத்தாள். மண்ணில் கிடைத்தது மட்டும்தான் இருக்க வேண்டும் என்றாள். எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே படத்தில் மனிதர்களும் இல்லை.

தலைவர் மேடைக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலைமுடி கலையாதபடி செயலாளர் மோ கண்ணாடியின் வாரைப் பிடித்துக்கொண்டார். தலைவர் பார்ப்பது பின்னாலிருந்த பெரிய திரையில் எங்களுக்கும் தெரிந்தது.

“என்னம்மா, ராஜா எங்க?”

“இது ராஜா வீடு இல்லீங்க, தலைவரே,” என்றாள் சுக்-ஹீ.

“ஒரு மந்திரியாவது?”

“இல்லீங்க. ஆக்குனவங்க, தின்னவங்க, அவ்ளோதான்.”

“அது எங்க வீட்டுலயே நடக்குதே.”

செயலாளர் மோ முதலில் சிரித்தார். அது அவர் பதவி. அப்புறம் அவை சிரித்தது.

தலைவர் நடந்தார். திரையில் மூடுபனி. ஆற்றுச் சத்தம் முதலில் கேட்டது, ஆறு பிறகு தெரிந்தது. கூரை வைக்கோலுக்குள்ளிருந்து புகை கசிந்தது. மண்சுவரில் யாரோ பூசிய விரல் தடங்கள். அவை வரைந்தவை அல்ல. எரிந்து கெட்டியான சுவர்த் துண்டில் இருந்த அதே தடங்கள் என்று சுக்-ஹீ மெதுவாகச் சொன்னாள். அரங்கத்தில் இருமல் நின்றது.

வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு, இன்னும் கரியாகாமல், மஞ்சளாக. முனைகள் வெளியே பார்த்தபடி, புறப்பட வசதியாக. என் வீட்டு வாசலிலும் அப்படித்தான் கிடக்கும்.

தலைவர் நின்றுவிட்டார். பிறகு குனிந்தார். தடவித் தடவித் தன் பளபளப்பான ஷூவைக் கழற்றினார். கால் வலிக்கிறதோ என்று செயலாளர் மோ ஓடினார். தலைவர் ஷூவைத் திருப்பி, முனை வெளியே பார்க்க, எங்கள் கண்ணுக்கு வெறும் மேடைப் பலகையாக இருந்த இடத்தில், அந்தச் சின்னச் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். சாக்ஸ் ஓட்டை வழியே பெருவிரல் எட்டிப் பார்த்தது. இதுபோன்ற ஒரு விரலுக்காக நான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. மோவுக்கும் வரவில்லை.

வாசற்படியில் நின்று, பக்கத்து வீட்டுக்குப் போன மனிதர் மாதிரி, தலைவர் குரல் கொடுத்தார்.

“வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?”

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானை மூடி லேசாக ஆடியது. பதில் சொல்ல அங்கே யாருமில்லை. அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். இருநூறு பேர், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் வெளியேறிவிட்ட ஒரு வீட்டிலிருந்து யாராவது “வாங்க” என்று சொல்வார்கள் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் ஒருவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்.

தலைவர் உள்ளே போகவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். முடி கலைந்திருந்தது.

“அவங்க திரும்பி வந்தாங்களாம்மா?”

“தெரியலீங்க. செருப்பு போட்டுக்கக்கூட நேரமில்லாம ஓடியிருக்காங்க. அதுக்கு மேல மண்ணு சொல்லல.”

“அந்தப் புள்ளையும் வெறுங்காலோட...”

“ஆமாங்க.”

நான் பேச்சை நீட்டினேன். வாங்கினார், பார்த்தார், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அடுத்தவங்க வாசல்ல எவனாவது காரைக் கொண்டாந்து நிறுத்துவானா?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார். கேள்வி தன்னைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா என்று தெரியவில்லை. கூட்டம் எந்த இடத்தில் கை தட்டுவது என்று புரியாமல் தட்டாமலேயே இருந்தது. சுக்-ஹீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

மறுநாள் பத்திரிகையில், குழிக்குக் கூரை போடுவது தலைவரின் நெடுநாள் கனவு என்று வந்தது. அதை எழுதியது நான்தான். கார் நிறுத்துமிடம் மாட்டுச்சந்தைக்குப் பின்னால் போனது.

அடுத்த வாரம் அந்த நிறுவனத்துக்காரர்கள் மறுபடி வந்தார்கள். வாசலில் யாராவது கூப்பிட்டால் உள்ளிருந்து ஒரு பெண் வந்து வரவேற்கிற மாதிரி செய்து தருகிறோம், குரல்கூடத் தயார் என்றார்கள்.

“வேணாம்ப்பா,” என்றார் தலைவர். “அவங்க வீடு. அவங்க சார்பா நாம எப்படிப் பதில் சொல்றது?”

நான் அவரிடம் வேலை பார்த்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பேசியதிலேயே நல்ல வாக்கியம் அது. நான் எழுதிக் கொடுத்ததில்லை.