காது திருகிய தாள்கள்

மனிதகுலம் கண்டுபிடித்த வேலைகளிலேயே மூளையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகக்கூடிய ஒரே வேலை, பியானோ வாசிப்பவருக்கு இசை நோட்ஸ் புத்தகத்தில் பக்கம் புரட்டிக் கொடுப்பதுதான். இதைக் கண்டறிந்தவன் என் அண்ணன். வேலை தேடுவதிலேயே பழுத்த அனுபவம் உள்ளவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்லி அவன் கேலிக்குக் குறிவைத்தது அம்மாவின் தம்பியான மாமாவை. அக்கா மேடையில் வாசிக்கும்போதெல்லாம் பக்கத்து ஸ்டூலில் மாமாதான். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம் வரும். சபை கைதட்டும்போதும் எழுந்திருக்க மாட்டார். மாட்டிக்கொண்ட ஜேப்படிக்காரர் மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருப்பார். விரலுக்குப் பிடி கிடைக்க வேண்டும் என்று, ஒவ்வொரு தாளின் கீழ்முனையையும் ஒன்று மேலே, ஒன்று கீழே என முன்கூட்டியே மடித்து வைப்பார்.

"என்ன மாமா, புஸ்தகத்துக்குக் காது திருகியாச்சா?" என்பான் அண்ணன். மாமா சிரித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவார்.

இசைக் கல்லூரியில் துணைப் பியானோ வேலைக்கு அக்காவைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். யாரோ வயலின் வாசிப்பார், யாரோ பாடுவார், அக்கா பின்னால் உட்கார்ந்து தாங்க வேண்டும். போஸ்டரில் பெயர் வராது. ஆனால் வேறு எந்த வேலையையும் அவள் ஆசைப்பட்டதில்லை. வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் விண்ணப்பமே போட முடியாது.

தேர்வுக்கு முந்தின நாள் மாமாவை இருமல் பிடித்துக்கொண்டது. தெருமுனை நாய் பதில் சொல்லும் அளவுக்கு இருமல்.

"நான் வரேன்," என்றான் அண்ணன்.

"உனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாதேண்ணா."

"நீ தலையாட்டு, நான் புரட்டறேன். இதுக்கு என்ன பட்டமா வாங்கணும்?"

காலையில் தன் சட்டையை இஸ்திரி போட்ட கையோடு புத்தகத்தையும் எடுத்து, மாமா மடித்த முனைகளை எல்லாம் தேய்த்து நேராக்கினான். "மேடை ஏறப் போகுது. கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்." எனக்கும் அழகாகத்தான் பட்டது.

கல்லூரி அரங்கில் முன்வரிசையில் தேர்வாளர்கள். மேடையில் ஒரு வயலின்காரருக்குப் பின்னால் அக்கா, பக்கத்து ஸ்டூலில் அண்ணன். கடைசி வரிசையில் நானும் அம்மாவும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின.

முதல் பக்கம் ஒழுங்காகப் புரண்டது. அடுத்ததற்கு அக்கா தலையசைத்தாள். அண்ணனின் விரல் தாளின் ஓரத்தில் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. அக்கா இரண்டாம் தடவை தலையசைத்தாள். அது தலையசைப்பு இல்லை, கெஞ்சல். மூன்றாம் முயற்சியில் தாள் வந்தது, கூடவே ஒட்டிக்கொண்டு அடுத்த தாளும் வந்தது.

"ஐயோ, என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

அக்கா நிறுத்தவில்லை. இடது கையை எடுத்து, ஒரு தாளைத் தட்டித் திருப்பிப் போட்டாள். அந்த நேரம் முழுக்கக் கீழ்ச்சுரங்களைக் காணோம். வயலின்காரர், நடுத்தெருவில் கைவிடப்பட்ட குழந்தை மாதிரி திரும்பிப் பார்த்தார். இடது கை வந்து சேர்ந்துகொண்டது. அண்ணனின் காதுகள் சிவந்தது கடைசி வரிசைக்கே தெரிந்தது.

முதல் பகுதி முடிந்ததும் வயலின்காரர் தந்தியை முறுக்கிச் சுருதி பார்த்தார். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அண்ணன் குனிந்து, மிச்சத் தாள்களுக்கு என்னவோ செய்தான். அதன் பிறகு எல்லாத் தாளும் சொன்ன பேச்சைக் கேட்டன.

முடிந்ததும் தேர்வாளர் ஒருவர் கேட்டார். "நடுவுல இடது கை எங்கம்மா போச்சு?"

"பக்கம் புரட்டப் போச்சு சார்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"கை போனாலும் வாசிப்பு நிக்கல. நாளைக்குக் கடைசிச் சுற்று. புது நோட்ஸ் வாங்கிட்டுப் போங்க."

சாயங்காலம் உள்ளறையில் மாமா இன்னும் இருமிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் அண்ணன், புதுப் புத்தகத்தோடு.

"இஸ்திரிப் பெட்டி கொண்டு வரட்டுமாண்ணா?"

நிமிரவில்லை. "பேசாதடா. ஒரு தாள் விட்டுப் போயிடும்."

ஒன்று மேலே. ஒன்று கீழே.