சம்பவம் இல்லாத கடிதம்

பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று யார் போய் நின்றாலும் அவரிடம் ஒரே பதில்தான். "நீங்களே எழுதிட்டு வாங்கம்மா, படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்." அவர் படிக்க மாட்டார் என்பது ஆய்வகத்து மீன்களுக்குக்கூடத் தெரியும்.

அந்த வருஷம் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அங்கிருந்து விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வக்கீல். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பாள் என்பதால் வந்த பெயர். இன்னொருத்தி சுண்டெலி. சத்தமில்லாமல் வந்து, வேலையை முடித்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுவாள். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மீன்குஞ்சுகளின் இதயத் துடிப்பை எண்ணுகிறவர்கள்.

"என்னைப் பத்தி நானே எழுத உட்கார்ந்தா கூச்சமா இருக்குடி" என்றாள் சுண்டெலி. "உன்னோடதை நான் எழுதறேன், என்னோடதை நீ எழுது. என்ன சொல்ற?"

வக்கீலுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அப்போது அவள் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கள்ளம் புகுந்தது மறுநாள், கேன்டீனில். ஓர் ஆய்வகத்துக்கு ஒருவருக்குத்தான் கொடுப்பார்களாம் என்று பக்கத்து மேஜையில் யாரோ சொன்னார்கள். யார் சொன்னது, எங்கே கேட்டது என்று எதற்கும் துருவித் துருவிக் கேட்கிற வக்கீல், இதை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்கிவிட்டாள். பேராசிரியரின் திட்டத்துக்கு வருகிற பணம் அந்த வருஷத்தோடு நிற்கிறது. உதவித்தொகை இல்லாவிட்டால் சித்தப்பாவின் டைல்ஸ் கடையில்தான் போய் உட்கார வேண்டும். "மீனுக்குத் தீனி போட்டது போதும், கடைக்கு வந்து கல்லாவைப் பாரு" என்று அவர் ஏற்கெனவே நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று உதவித்தொகைக்காரர்களே விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். வெறும் புகழ்ச்சி வேண்டாம், மாணவர் எப்படி யோசிக்கிறார் என்று காட்டும் சம்பவம் ஒன்றாவது இருக்கட்டும் என்று. சுண்டெலியைப் பற்றி அப்படிப்பட்ட சம்பவம் ஒன்று வக்கீலுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

முந்தின வருஷம், ஒரு குறிப்பிட்ட மரபணுவை நீக்கினால் மீன்குஞ்சின் இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று வக்கீல் கண்டுபிடித்திருந்தாள். ஆய்வகமே கொண்டாடியது. சுண்டெலி மட்டும் ஒருநாள் மெல்ல வந்து, "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?" என்றாள். மரபணு நீக்கிய குஞ்சுகளை மட்டும் வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டுகள் புதுசு. பழைய கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் அதே குஞ்சுகளின் இதயம் சாதாரணமாகத் துடிக்கிறது. கோளாறு மரபணுவில் இல்லை, தட்டில்.

வக்கீல் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் எழுந்து, "என் முடிவு தப்பு சார், தட்டுதான் காரணம்" என்று சொல்லிவிட்டாள். யார் கண்டுபிடித்தது என்று பேராசிரியர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இப்போது அந்தச் சம்பவத்தைத்தான் முதலில் எழுதினாள். எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தாள். இதைப் படிக்கிற எவரும் சுண்டெலியைத்தான் எடுப்பார்கள். அத்தனையையும் அழித்தாள். சுத்தமாக வேலை செய்பவர், நேரம் தவறாதவர், எல்லோரோடும் அனுசரித்துப் போகிறவர் என்று எழுதினாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வக்கீல் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? பேராசிரியர் இரண்டு கடிதங்களிலும் கையெழுத்துப் போட்டு, அவரே அனுப்பியும் வைத்தார்.

நேர்காணலுக்கு வக்கீலுக்கு மட்டும் அழைப்பு வந்தது. அங்கே காத்திருக்கும் அறையில், தன் பக்கத்தில் இருந்த இரண்டு பையன்கள் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, தெரிந்தவர்களா என்று கேட்டாள்.

"ஒரே லேப்" என்றான் ஒருவன். "போன வருஷம் எங்க லேப்ல மூணு பேருக்குக் கிடைச்சுது."

அப்படியானால் கேன்டீனில் கேட்டது பொய். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த விஞ்ஞானி அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடிதத்தை வாய்விட்டே படித்தார். "மாதக்கணக்கில் உழைத்துக் கிடைத்த முடிவு தவறு, தட்டுதான் காரணம் என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலேயே எல்லோர் முன்னிலையிலும் எழுந்து சொன்னவர். கெட்டிக்காரர்களை எங்கும் பார்க்கலாம். தன் பிழையைத் தானே சொல்லும் இந்த நேர்மையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை."

இது சுண்டெலி எழுதியது. தான் கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல், தோழியின் பெருமையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறாள். வக்கீலுக்குக் காது மடல் எரிந்தது. அந்த நாற்காலியில் உட்காரவே கூசியது.

"ரொம்ப அபூர்வம்மா இது" என்றார் அந்த அம்மாள். "ஆமா, தட்டுதான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுது?"

இதைவிட நல்ல இடம் வாய்க்காது. சுண்டெலியின் பெயரைச் சொன்னால் போதும்.

"கண்ணாடித் தட்டுல வச்சுப் பார்த்தப்போ தெரிஞ்சுது மேடம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நேர்மைக்காகக் கிடைத்த அந்தத் தலையாட்டலை அவள் குனிந்துகொண்டே வாங்கிக்கொண்டாள்.

உதவித்தொகை கிடைத்தது. வீட்டில் அம்மா ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். சித்தப்பாகூட, "நம்ம வீட்டுப் பொண்ணாச்சே" என்று மீசையைத் தடவிக்கொண்டார். வக்கீல் ஆய்வகத்துக்குப் போனபோது சுண்டெலி மீன்தொட்டிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும், உனக்குக் கிடைச்சிடும்னு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நான் அடுத்த வருஷம் பார்த்துக்கறேன். அதுவரைக்கும் ஒரு ஸ்கூல்ல வேலை கேட்டிருக்கேன். போன கடிதத்தையே மறுபடியும் அனுப்பிடறேன்னு சார் சொல்லிட்டார்."

"அது வேண்டாம். நான் வேற எழுதித் தரேன்."

"ஏன்? நல்லாத்தானே இருந்துச்சு."

"நீ படிச்சியா?"

"கையெழுத்துக்குக் கொண்டுபோனதே நான்தானே. படிச்சேன்." சுண்டெலி அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். தினமும் எதிர்ல உட்கார்ந்து பார்க்கிறவ நீ. உனக்குத் தெரியாததா? நான்தான் என்னைப் பத்திக் கொஞ்சம் பெரிசா நினைச்சிட்டேன்போல."

வக்கீல் தொட்டிக்கு அருகே வந்து நின்றாள்.

"அந்தத் தட்டு விஷயத்தை முதல்ல எழுதினேன். அப்புறம் நானேதான் அழிச்சேன். நேர்காணல்லயும் கேட்டாங்க. அப்பவும் உன் பேரைச் சொல்லலை."

சுண்டெலியின் கை தொட்டிக்கு மேலே நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"நீ அதை மறந்துட்டன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.

தீனி டப்பாவை மூடி வக்கீலின் கையில் கொடுத்தாள். மீதித் தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலச் சத்தமில்லாமல் வெளியே போனாள்.